நிறுவனத்திலேயே ஆரோக்கியமான மனிதர்

அந்த நிறுவனத்தில் இதுவரை எந்த இலையும் தோற்றதில்லை. மூலிகைகளின் ஊட்டச்சத்தையும் ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தியையும் அளந்து சொல்வதற்கென்றே நாலு மாடிக் கட்டடம் கட்டி, மாடிக்கு மாடி கண்ணாடிக் கதவு போட்டு, கதவுக்குக் கதவு 'அமைதி காக்கவும்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே நடந்தது ஒரே ஒரு காரியம். கண்ணாடிக் குழாயில் ஊதா நிறத் தண்ணீர் இருக்கும். அதில் இலைச்சாற்றை ஒரு சொட்டு விடுவார்கள். ஊதா வெளுத்து மஞ்சளானால் அந்த இலை உடம்புக்கு நல்லது. ஆகாவிட்டால் இன்னொரு சொட்டு விடுவார்கள். மஞ்சளாகும்வரை விட்டுக்கொண்டே இருப்பார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள்.

ஒருமுறை இயக்குநரின் காபி தவறிச் சிந்தி, அதிலும் ஊதா மஞ்சளாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் நாளெல்லாம் பிளாஸ்க்கும் கையுமாக இருந்தார். கேட்டால், தானும் ஆராய்ச்சியில்தான் இருப்பதாகச் சொல்வார்.

இந்தக் கட்டடத்து லிப்ட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்தான் நம்முடைய ஆள். பொத்தானை அமுக்க எல்லோருக்கும் விரல் இருந்தது. ஆனாலும் முனைவர் பட்டம் வாங்கியவர் தன் கையால் பொத்தானை அமுக்குவது அழகல்ல என்று பழைய இயக்குநர் ஒருவர் தீர்மானித்துவிட்டுப் போயிருந்தார். எல்லோரும் அவரை 'லிப்ட்' என்றே கூப்பிட்டார்கள். 'லிப்ட், சாப்பிட்டியா?' 'லிப்ட், வீட்ல சௌக்கியமா?' இப்படி. அவர் தற்காலிக ஊழியர். தற்காலிகமாகவே தலை நரைத்துவிட்டது. வேலை நிரந்தரமாக வேண்டும், மனைவி லாண்டரியில் நாள் முழுக்க நின்றுகொண்டே இஸ்திரி போடுவதை விட்டுவிட்டு வீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. ஆசை ஒன்றும் பெரிதில்லை. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள்தான் பெரியவர்கள். அவர்கள் அத்தனை பேரும் தினமும் அவருடைய லிப்ட்டில்தான் ஏறினார்கள்.

வினை ஓர் ஆய்வுக்குழுவின் வடிவத்தில் வந்தது. மேலிடத்திலிருந்து வந்த அந்தக் குழுவில் ஒருவர், வயதான மனிதர், பாதி தூக்கத்தில் இருந்தவர், கண்ணைத் திறந்து, "இலையெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றீங்க. சாப்பிட்ட மனுஷன் யாராவது நல்லா இருக்கானா?" என்று கேட்டுவிட்டார். இயக்குநருக்கு முகம் செத்துப்போயிற்று. இத்தனை வருஷத்தில் மனுஷன் என்று ஒருவன் இதில் வருவான் என்று அங்கே யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரமே உத்தரவு வந்துவிட்டது. ஊழியர் அனைவரும் தினமும் காலையில் வாசல் கூடத்தில் கூடி, ஆளுக்கு ஒரு பெரிய கிளாஸ் புளியாரைச் சாறு பெற்றுக்கொள்ள வேண்டும். புளியாரை தெரியும்தானே, தொட்டி ஓரத்தில் தானாக முளைக்குமே, மூன்று இலை சேர்ந்தாற்போல், கடித்தால் பல் கூசுகிற புளிப்பு. சமைத்துச் சாப்பிட்டால் பாவம் அது நல்ல கீரைதான். அதைக் கூடை கூடையாக அரைத்து, வடிகட்டி, சமைக்காமல் பச்சையாகவே கிளாஸில் ஊற்றினார்கள். சூடு பண்ணினால் மஞ்சள் குறைகிறதாம்.

முதல் நாள் இயக்குநர் பேசினார். "இந்த நிறுவனம் மக்களுக்கு ஒன்றைச் சொல்லுமானால், முதலில் அதைத் தன் உடம்பில் சோதித்துப் பார்க்கும். உங்கள் உடம்பு உங்களுடையது அல்ல. அது இந்த நிறுவனத்தின் சொத்து. சொத்தைப் பராமரிக்க வேண்டியது என் கடமை." கை தட்டினார்கள். கிளாஸை உதட்டில் வைத்தார்கள். அதற்கு மேல் யாருக்கும் உள்ளே போகவில்லை.

முதல் சில நாட்கள் வாசலில் இருந்த பூந்தொட்டிகள் குடித்தன. செடிகள் ஒவ்வொன்றாகக் கருகித் தலை சாய்ந்தன. விஷயம் இயக்குநர் காதுக்குப் போயிற்று. அவர் கூட்டம் போட்டு ஆழ்ந்து யோசித்து, பூந்தொட்டிகளை அப்புறப்படுத்தச் சொன்னார். செடிகளின் உடல்நிலை நம்முடைய ஆய்வு வரம்புக்குள் வராது என்று விளக்கமும் கொடுத்தார். கை கழுவும் தொட்டிகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். குப்பைக் கூடைகளை மோந்து பார்க்க ஓர் ஆளைப் போட்டார்கள். காலி கிளாஸை மூன்றாவது மாடி கவுன்டரில் திருப்பிக் கொடுத்தால்தான் அன்றைக்கு வருகைப் பதிவு.

கூடத்துக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் மூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

முதலில் கிளாஸை நீட்டியவர் இயக்குநரேதான். கதவு சாத்தியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லிப்ட், எனக்கு இது ஒத்துக்காதுப்பா. டாக்டரே சொல்லியிருக்காரு. வீணாக்கக் கூடாது பாரு," என்றார்.

தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் முதுகில் அறை விழும் வீட்டில் வளர்ந்தவர் லிப்ட்காரர். கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்துவிட்டார். அடுத்த தடவை துணை இயக்குநர். "எனக்கு வயித்துப்புண். ஒத்துக்காது." அடுத்து கணக்கு அதிகாரி. "நான் விரதம்." அவருக்கு வாரம் முழுக்க விரதம். அடுத்து, பரிசோதனைக் கூடத்தில் குழாய்களோடு மல்லாடும் ஆராய்ச்சியாளர் அம்மாள். எல்லோரும் முதுகுக்குப் பின்னால் ஊதாத்தண்ணி அம்மா என்று அழைத்த அவள், "பல் கூசுதுங்க, நீங்க கொஞ்சம்..." என்று இழுத்தாள். இவர்களெல்லாம் கையெழுத்துப் போட வேண்டியவர்கள். லிப்ட்காரர் யாரையும் பார்த்து மாட்டேன் என்று சொல்லவில்லை.

மாதம் ஓடியது. லிப்ட் மேலே போகும்போது கிளாஸ்கள் நிறைந்திருந்தன, மூன்றாவது மாடியில் கதவு திறக்கும்போது காலியாக இருந்தன. வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு. லிப்ட்காரருக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. பாக்ஸை மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"என்னங்க, என் சமையல் பிடிக்கலையா?" என்று மனைவி கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல. வயிறு ரொம்பின மாதிரியே இருக்கு."

"என்னத்தச் சாப்பிட்டீங்க, ரொம்பறதுக்கு?"

"ஆபீஸ்ல சாறு தர்றாங்க. ரொம்ப நல்லதாம்."

ஒரு நாள் அவருடைய கல்யாண மோதிரம் விரலிலிருந்து கழலவில்லை. சோப்பு போட்டுத் திருகிப் பார்த்த மனைவி, புடைத்திருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. ஊதாத்தண்ணி அம்மா ஒவ்வொருவர் ரத்தத்தையும் குழாயில் விட்டுப் பார்த்தாள். இயக்குநர் ரத்தம், ஊதா. துணை இயக்குநர், ஊதா. கணக்கு அதிகாரி ரத்தத்துக்கு ஊதா இன்னும் கொஞ்சம் கருத்த மாதிரி இருந்தது. கடைசியாக லிப்ட்காரருடையதை விட்டாள். விட்ட மாத்திரத்தில் பளிச்சென்று மஞ்சள். குழாயைக் கழுவி மறுபடியும் விட்டாள். மறுபடியும் மஞ்சள். அந்த நிறுவனத்தில் எந்த இலைக்கும் அப்படி ஒரு மஞ்சள் வந்ததில்லை.

ஏன் அவருக்கு மட்டும் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். சொன்னால், 'உன் கிளாஸை யார் குடித்தது?' என்ற கேள்வி வரும். ஆகவே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆராய்ச்சிக் கூட்டத்தில் இயக்குநர் வேறு காரணம் கண்டுபிடித்தார். "படிப்பு அதிகமாக அதிகமாக உடம்பு சத்தை ஏற்றுக்கொள்வது குறைகிறது. இவருக்குப் படிப்பு தடையாக இல்லை." எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

லிப்ட்காரரை 'நடமாடும் சான்று' என்று அறிவித்தார்கள். நடமாட முடியாமல் கால் வீங்கிப்போன நேரத்தில்தான் அந்தப் பட்டம் வந்தது. பார்வையாளர்கள் வந்தால் லிப்ட்டையே காட்டினார்கள். அவருடைய முகம் உப்பியிருப்பதைக் காட்டி, "பாருங்க, கன்னம் எப்படிப் பூரிச்சிருக்கு," என்றார் துணை இயக்குநர். லிப்ட்காரர் ராத்திரியெல்லாம் உடம்பைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டதைக் கேட்டு, "நச்சு வெளியேறுது, ரொம்ப நல்ல அறிகுறி," என்றார். குமட்டுகிறது என்றார் லிப்ட்காரர். அதுவும் நல்ல அறிகுறி. இரண்டு நாளாகச் சரியாகச் சிறுநீரே போகவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "உடம்பு எதையும் வீணாக்கலைன்னு அர்த்தம்," என்றார் இயக்குநர். அவரே அசந்துபோய்விட்டார், தான் சொன்னது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. லாண்டரியில் லீவு சொல்லிவிட்டு அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிறுநீரகப் பிரிவில் இருந்த டாக்டரம்மா அவருடைய காலை அமுக்கிப் பார்த்தாள். அமுக்கிய இடத்தில் பள்ளம் பள்ளமாகவே நின்றது. ரிப்போர்ட்டுகள் வந்ததும் அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நல்ல செய்தி சொல்ல டாக்டர்கள் அப்படி உட்காருவதில்லை.

"ரெண்டு கிட்னியும் ரொம்ப மோசமா இருக்கு. புளிப்புக் கீரையில இருக்கிற உப்பு மணல் மாதிரி உள்ள படிஞ்சு கிடக்கு. பச்சையா ஏதாவது குடிக்கிறீங்களா?"

"ஆபீஸ்ல சாறு."

"எவ்வளவு?"

லிப்ட்காரர் பதில் சொல்வதற்குள் கதவைத் தட்டிக்கொண்டு நிறுவனம் உள்ளே வந்தது. இயக்குநர், துணை இயக்குநர், ஒரு பூங்கொத்து, பின்னால் ஊசியும் குழாயுமாக ஊதாத்தண்ணி அம்மா. சான்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது என்று தகவல் கிடைத்துப் பதறிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஆளுக்கு ஒரு கிளாஸ்தான் டாக்டர். நாங்க எல்லாருமே குடிக்கிறோம். எங்களைப் பாருங்க," என்று இயக்குநர் நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு லிப்ட்காரர் பக்கம் திரும்பி, "என்னப்பா, ஒரு கிளாஸ்தானே? வெள்ளிக்கிழமை விழா. மேடையில வச்சு உன் நிரந்தர உத்தரவைப் பத்தியும் பேசலாம்னு இருக்கேன்," என்றார்.

லிப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவளுடைய கால்களைப் பார்த்தார், நின்று நின்று நரம்பு சுருண்டு நீலம் பாய்ந்திருந்த கால்கள். "ஒரு கிளாஸ்தாங்க," என்றார்.

டாக்டரம்மா நம்பவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டாள். டயாலிசிஸ் உடனே ஆரம்பிக்க வேண்டும், சாற்றைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்றாள். துணை இயக்குநர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இவரோட ரத்தத்துல இருக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் அளவு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்," என்றாள் டாக்டரம்மா. "கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவெல்லாம் ரத்தத்துலயே தேங்கிப் போச்சு. அந்தக் கழிவு பட்டாலும் உங்க ஊதாத் தண்ணி மஞ்சளாகும். இவர் சாகச் சாக உங்க மஞ்சள் கூடிக்கிட்டே போகும்."

துணை இயக்குநர் இயக்குநரைப் பார்த்தார். பிறகு இயக்குநர் மெல்ல மலர்ந்தார். "அப்படின்னா எங்க முடிவு சரின்னு நீங்களே ஒத்துக்கிறீங்க," என்றார்.

அவர்கள் போன பிறகு, முதல் டயாலிசிஸ் முடிந்து மெஷின் ஓய்ந்ததும், லிப்ட்காரர் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். யார் யார் கிளாஸ், யாருக்கு என்ன ஒத்துக்காது, எல்லாவற்றையும் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. "இத்தனை பேருக்கு ஒத்துக்காதது உங்களுக்கு மட்டும் எப்படிங்க ஒத்துக்கும்?" என்று கேட்டாள், அவ்வளவுதான். நேராக டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். டாக்டரம்மா நிறுவனத்துக்குப் போன் போட்டாள். நாங்கள் குடிக்கவில்லை என்று சொல்வது ஆராய்ச்சியையே சந்தேகப்படுவது, அதற்கு வழக்குப் போட முடியும் என்று அங்கிருந்து பதில் வந்தது.

மெஷின் வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. லிப்ட்காரர் வாய்க்கு ருசியாக இரண்டு கவளம் சாப்பிட்டார். அதே நேரம் ஊதாத்தண்ணி அம்மா எடுத்துப்போன ரத்தத்தில் மஞ்சள் மங்கிப்போயிருந்தது. நிறுவனத்தில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. இயக்குநரே போன் செய்தார். "ஆஸ்பத்திரியில உன்னைக் கெடுக்கிறாங்கப்பா. நாங்க கஷ்டப்பட்டு ஏத்தின சத்தை மெஷின் வச்சு உறிஞ்சிடறாங்க. விழா முடியற வரைக்கும் அந்தப் பக்கம் போகாதே. மேடையில உத்தரவு உண்டு."

"விழாவுக்குப் போகாதீங்க," என்றாள் மனைவி.

"ரெண்டு தடவைதான் தவறும். அப்புறம் நிரந்தரம். டயாலிசிஸ் செலவுகூட ஆபீஸே பார்த்துக்கும்." அவர் கணக்குப் போட்டுவிட்டார். அந்தக் கணக்கில் அவருடைய இதயம் ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை நாலாவது மாடி அரங்கில் விழா. ஆய்வுக்குழு வந்திருந்தது, பாதி தூக்கத்துப் பெரியவர் உட்பட. லிப்ட்காரரை இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடையேற்றினார்கள். எல்லோர் முன்னிலையிலும் அவர் விரலில் குத்தி ஒரு சொட்டு விட்டார்கள். மெஷினைக் காணாத உடம்பு அது. கண்ணைப் பறிக்கிற மஞ்சள். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. 'மிக ஆரோக்கியமான மனிதர்' என்று பொறித்த கேடயத்தை அவர் கையில் திணித்தார்கள். அது கனமாக இருந்தது. அவரால் பிடிக்க முடியவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், உத்தரவு," என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

இயக்குநர் கணக்கு அதிகாரியைப் பார்த்தார். கணக்கு அதிகாரி குனிந்து காதோடு சொன்னார். "அதுல ஒரு சின்னச் சிக்கல் இருக்கு லிப்ட். நிரந்தரம் பண்ணணும்னா உடம்பு நல்லா இருக்குன்னு ஆஸ்பத்திரி சொல்லணும். உனக்குக் கிட்னி போயிடுச்சுன்னு அவங்க சொல்றாங்க. நோயாளியை நாங்க எப்படி எடுக்க முடியும்?"

லிப்ட்காரர் கேடயத்தைப் பார்த்தார். பிறகு கணக்கு அதிகாரியைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே மனைவி காத்துக்கொண்டிருப்பாள் என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் தன் முக்காலியில் உட்கார்ந்து, தானே பொத்தானை அமுக்கினார். நாலாவது மாடிக்கும் தரைக்கும் இடையில் எங்கேயோ அவருடைய இதயம் நின்றுவிட்டது.

கீழே கதவு திறந்தது. விழாவுக்குத் தாமதமாக வந்த இரண்டு அதிகாரிகள் உள்ளே ஏறி, "நாலாவது மாடி, லிப்ட்," என்றார்கள். பதில் வராததால், வேலை நேரத்தில் தூங்குகிறான் பார் என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். மனைவிதான் ஓடிவந்து அவர்களைத் தள்ளிவிட்டு அவர் முகத்தை நிமிர்த்தினாள்.

இரங்கல் கூட்டத்தை நன்றாகத்தான் நடத்தினார்கள். இயக்குநர் உருக்கமாகப் பேசினார். "அவர் முழு ஆரோக்கியத்தோடு இறந்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் மஞ்சள். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும்?" சாறுத் திட்டத்துக்கு அவருடைய பெயரையே வைப்பது என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். அவருடைய பெயர் என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவியைக் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் 'லிப்ட் நினைவு ஊட்டத் திட்டம்' என்று நிறைவேற்றி, மறைந்தவரின் நினைவாகக் கிளாஸின் அளவைக் கூட்டினார்கள். மனைவிக்குக் கருணை அடிப்படையில் அதே லிப்ட்டில் வேலை கொடுத்தார்கள். தற்காலிகமாக.

அவள் மறுக்கவில்லை. எல்லோருக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்தது.

முதல் நாள் காலையில் கூடத்தில் பத்திரிகைக்காரர்கள் வந்திருந்ததால் இயக்குநரும் பெரிய கிளாஸை ஏந்திப் படத்துக்கு நின்றார். பிறகு எல்லோருமாக லிப்ட்டில் ஏறினார்கள். இயக்குநர், துணை இயக்குநர், கணக்கு அதிகாரி, ஊதாத்தண்ணி அம்மா. கதவு சாத்தியது. பழக்க தோஷத்தில் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் முக்காலிப் பக்கம் நீண்டன.

அவள் எழுந்து சிவப்பு விசையைத் தட்டினாள். லிப்ட் குலுங்கி, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் துணை இயக்குநர்.

"ஒண்ணும் ஆகலை சார். அவங்கவங்க கிளாஸை அவங்கவங்க குடிங்க. குடிச்சதும் போகலாம்."

யாரும் குடிக்கவில்லை. கிளாஸ்கள் அந்தஸ்துப்படி கீழே இறங்க ஆரம்பித்தன. இயக்குநர் தன்னுடையதைத் துணை இயக்குநரிடம் கொடுத்தார். அவர் இரண்டையும் கணக்கு அதிகாரியிடம் கொடுத்தார். அவர் மூன்றையும் ஊதாத்தண்ணி அம்மாவின் கைகளில் திணித்தார். அவள் நாலு கிளாஸையும் மார்போடு அணைத்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள். அந்தப் பெட்டிக்குள் அவளுக்குக் கீழே ஒரே ஒருத்திதான் இருந்தாள். அந்த ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு சிவப்பு விசையை முதுகால் மறைத்துச் சாய்ந்து நின்றிருந்தாள். வருஷக்கணக்கில் நின்றே பழகிய கால்கள்.

இயக்குநருக்கு வியர்த்து வழிந்தது. "எனக்கு ஒத்துக்காதும்மா. டாக்டரே சொல்லியிருக்காரு," என்றார்.

"தெரியும் சார்," என்றாள் அவள். "அவருக்கும்தான் ஒத்துக்கலை."